மீதிப் பதினைந்து என்னாகும்?

கார்ன் ஸ்நேக் வளர்ப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. என் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. நியூ ஜெர்சி மாநிலத்தின் அனுமதிச் சீட்டும் இருக்கிறது. எனக்கு ஆகாதது, நிறத்துக்காக வீட்டு பேஸ்மென்ட்டில் ஜோடி சேர்த்து முட்டை பொரிக்க வைக்கும் பழக்கம்.

இந்தப் பாம்பை அறியாதவர்களுக்கு: அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்கள்தான் இதன் சொந்த மண். விஷம் கிடையாது. மூன்று, நான்கு அடி வளரும். சோளம் சேர்த்து வைக்கும் கொட்டகைகளைச் சுற்றி எலி பிடித்துத் தின்னும். நம் வயலில் சாரை பார்க்கும் வேலையை அங்கே இது பார்க்கிறது. ஆரஞ்சு உடம்பு. முதுகு நெடுகக் கறுப்பு ஓரம் கட்டிய செங்கல் சிவப்புத் திட்டுகள். திருப்பிப் பார்த்தால் வயிறு முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம். சட்டை உரிக்கச் சில நாள் இருக்கும்போது கண் பால் ஊற்றியது போல் மங்கிவிடும். அப்போது கையில் எடுக்கக் கூடாது. உரித்த மறுநாள் வெயிலில் பார்த்தால், இதைவிட என்ன நிறம் வேண்டும் என்று தோன்றும். ஆனால் விற்பவர்கள் இதற்கு வைத்த பெயர் 'நார்மல்'. இருப்பதிலேயே மலிவும் இதுதான்.

நிற மோகம் நேற்றுத் தொடங்கியதல்ல. 1953-ல் வட கரோலினாவில் கறுப்பு நிறமியே இல்லாத பாம்பு ஒன்று அகப்பட்டது. ஜார்ஜியாவின் வால்டோஸ்டாவில் தோல் மருத்துவராக இருந்த பெர்னார்ட் பெக்டெல் அதை வைத்து இனப்பெருக்கம் செய்து, 1961-ல் அதே நிறத்தில் குட்டிகளைப் பொரிக்க வைத்தார். பகலில் மனிதத் தோல், மாலையில் பாம்புத் தோல்! மறு வருடமே அவரும் மனைவி எலிசபெத்தும் அது ஒடுங்கு பண்பு என்று கட்டுரை எழுதி நிரூபித்தார்கள். 2015-ல் ஜெனீவா பல்கலைக்கழகத்தார் எந்த மரபணுவில் கோளாறு என்பதையும் கண்டுபிடித்துவிட்டார்கள்: ஓசிஏ2. மனிதர்களில் ஒருவகை அல்பினிசத்துக்குக் காரணமும் அதுவே. பெக்டெலுக்கு விடை தெரிய வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. இன்றைய பேஸ்மென்ட்டுகளில் இருப்பது பட்டியல்தான்: ஸ்னோ, கோஸ்ட், பிளிஸார்ட், லாவெண்டர், மோட்லி, டெஸரா, பால்மெட்டோ.

எங்கள் தெருவில் ஒரு தமிழ்ப் பையன் கல்லூரியில் படிக்கிறான். கெட்டிக்காரன். "அங்கிள், என் ஜோடி ரெண்டுமே டபுள் ஹெட். இந்தத் தடவை ஸ்னோ வரும்" என்றான். கறுப்பைத் தடுக்கும் மரபணு ஒன்று, சிவப்பைத் தடுக்கும் மரபணு ஒன்று. இரண்டும் ஒற்றைப் பிரதியாக இரு பாம்புக்குள்ளும் ஒளிந்திருக்கின்றன என்று அர்த்தம். வெளிப்பார்வைக்கு இரண்டும் நார்மல். பள்ளியில் படித்த மெண்டல் கணக்கைப் போடுங்கள். பதினாறு முட்டை பொரித்தால் சராசரியாக ஒன்பது நார்மல், கறுப்பில்லாதவை மூன்று, சிவப்பில்லாதவை மூன்று, இரண்டுமே இல்லாத வெள்ளை ஸ்னோ ஒன்று. இது இரண்டு மரபணுவுக்கு. மூன்று சேர வேண்டுமென்றால் 64-ல் ஒன்று, நான்கு என்றால் 256-ல் ஒன்று. ஸ்னோவையும் ஸ்னோவையும் சேர்த்தால் எல்லாமே ஸ்னோவாக வருமே என்று கேட்கலாம். வரும். ஆனால் ஸ்னோ இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. மதிப்பு அடுத்த கலவைக்குத்தான்.

"மீதிப் பதினைந்தை என்னப்பா செய்வாய்?"

"வித்துடலாம் அங்கிள். 'பாசிபிள் ஹெட்'னு போட்டா போயிடும்."

அதாவது, உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாத ஒரு லாட்டரிச் சீட்டு. வாங்குபவர் அதையும் ஜோடி சேர்த்துத்தான் பார்ப்பார். அங்கே இன்னொரு பதினைந்து.

விற்கும் வரை அவை சாப்பிட வேண்டுமே, அது தனிக் கதை. காட்டில் இதன் குட்டிகள் பெரும்பாலும் பல்லி, மரத்தவளை தின்று வளர்பவை. நாம் கொடுப்பது உறைய வைத்த எலிக்குஞ்சு, 'பிங்கி'. அதை இளக்கி, சூடாக்கி, இடுக்கியால் மூக்கருகே நீட்டினால் சில குட்டிகள் உடனே கவ்வும். சில வாலை அதிர வைத்து மிரட்டும். சில முகத்தைத் திருப்பிக்கொண்டு வைக்கோலுக்குள் போய்விடும். பென்சில் கனம்கூட இல்லாத அந்த உடம்பு வாரக்கணக்கில் சாப்பிடாமல் முதுகெலும்பு துருத்துவதைப் பார்க்க மனசு வராது. எலிக்குஞ்சின்மேல் பல்லி வாசனை தடவி ஏமாற்றுவார்கள். அதற்கும் மசியாதவை செத்துப்போகும். பையனின் அம்மா என்னிடம், "நீங்களே சொல்லுங்கண்ணா, துருவின தேங்காய் வைக்கிற ஃப்ரீசர்ல வாரத்துக்குப் பதினாறு எலியா?" என்றார். அவர் கோபம் வேறு காரணத்துக்கு. கணக்கு என்னவோ சரி.

நிறத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் வினையும் உண்டு. 'சன்கிஸ்டு' என்ற அழகான வகையின் வம்சத்தில் 'ஸ்டார்கேஸர்' என்றொரு மரபணு பரவியது. இரட்டைப் பிரதி கிடைத்த பாம்புக்குச் சமநிலை போய்விடும். தலை தானாக வானத்தைப் பார்த்துத் திருகிக்கொள்ளும். ஒற்றைப் பிரதி உள்ளவை வெளியே நன்றாகத்தான் இருக்கும், அதனால் கைமாறிக்கொண்டே போகும். உரித்த சட்டையை அனுப்பிச் சோதித்துக்கொள்ள இப்போது வழியிருக்கிறது. சோதிக்காமல் ஜோடி சேர்ப்பவரைப் பொழுதுபோக்காளர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மிஞ்சியதைக் காட்டில் விட்டுவிடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து தெற்கே காரில் போனால் பைன் பேரன்ஸ் காடு. கார்ன் ஸ்நேக் பரவியிருக்கும் எல்லையின் வடகோடி அது. அங்கே இது மாநில அரசின் அழியும் நிலை உயிரினப் பட்டியலில் இருக்கிறது. எஞ்சியிருக்கும் அந்தக் கூட்டத்துக்குள், எங்கெங்கோ கலந்து வந்த மரபணுவையும் பெட்டியில் தொற்றிய நோயையும் கொண்டுபோய் விடுவது உதவியாகாது. வெள்ளைக் குட்டியென்றால் முதல் பருந்துக்கே இரை.

பாம்புக்காட்சிகளில் வாங்குபவர்கள் விலையைக் கேட்கிறார்கள், மரபணுவைக் கேட்கிறார்கள். 'இதோடு பொரித்த மற்றவை எங்கே? இது எத்தனை வேளை தானாகச் சாப்பிட்டது?' என்று கேட்பவர் குறைவு. குட்டிவாரியாக நோட்டுப் போட்டு எழுதி வைத்து, கேட்ட உடனே எடுத்துக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கலாம்.

குட்டிதான் வேண்டும் என்றுமில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இது பதினைந்து, இருபது வருடம் இருக்கும். பள்ளிப் பருவத்தில் வாங்கிய பையன் கல்லூரிக்குப் போகும்போது பாம்பு வீட்டிலேயே நின்றுவிடுகிறது. என்னுடையது அப்படி வந்த நார்மல். கூண்டு, விளக்கு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்துச் சும்மா கொடுத்தார்கள்.