சீமைக் கருவேலமும் எவர்சில்வர் பெட்டியும்

டெக்சாஸில் இறைச்சியைப் புகையில் பதமாக்குகிறவர்கள் மெஸ்கீட் மரச்சில்லைப் பை பையாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அந்த மரத்தின் பங்காளிதான் நம்மூர் சீமைக் கருவேலம். இதை வேரோடு பிடுங்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் உத்தரவு போட வேண்டியிருந்தது. அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழக அரசு 2022-இல் தனிக் கொள்கை வகுத்தது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரி ஏற்றுகிறார்கள். மற்ற ஊர்களில் பெரும்பாலும் விறகுக்கு வெட்டுவதோடு சரி.

இந்த நிலையில்தான் மின்சாரப் புகைப்பெட்டி தமிழ்நாட்டு நகர வீடுகளில் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. பெட்டி அமெரிக்காவிலிருந்து, சில்லும் அங்கிருந்தே. யூடியூப்பில் பார்த்து ஆசைப்படுகிறவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நாக்கு கேட்கிறது. ஆனால் அந்தப் பெட்டி இருக்க வேண்டிய இடம் அண்ணாநகர் அடுக்குமாடி பால்கனியா, கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் மகளிர் குழு நடத்தும் ஒரு கொட்டகையா என்று கேட்டால், இரண்டாவதே சரி.

பெட்டியில் பெரிய வித்தை எதுவும் இல்லை. சின்ன பீரோ அளவில் இரட்டைச் சுவர் கொண்ட ஒரு கூடு. அடியில் இஸ்திரிப் பெட்டியில் இருப்பது போன்ற சூட்டுக்கம்பி, சுமார் 800 வாட். அதன் மேல் ஒரு தட்டில் ஒரு கைப்பிடி மரச்சில்லு. சில்லு தீப்பிடித்து எரிவதில்லை, கருகிப் புகைகிறது. அதற்கு மேலே ஒரு கிண்ணத்தில் தண்ணீர், அதற்கும் மேலே கம்பித்தட்டுகளில் இறைச்சி. உச்சியில் புகை வெளியேற ஒரு துவாரம். வெப்பத்தைத் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும். சூடு கூடினால் கம்பி அணையும், குறைந்தால் மறுபடி எரியும். பெட்டிக்குள் 105 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை நிறுத்திவைத்தால் ஒரு முழுக்கோழி மூன்று நான்கு மணி நேரத்தில் ஆகிவிடும். பன்றித் தொடைக்கு அரை நாளும் போதாது.

அந்த அரை நாளில் ஒரு வேடிக்கை உண்டு. பெரிய துண்டாக இருந்தால் உள்சூடு சீராக ஏறிக்கொண்டே போய், 65, 70 டிகிரி வந்ததும் அப்படியே நின்றுவிடும். மணிக்கணக்கில் அசையாது. புதிதாகச் செய்கிறவர்கள் பெட்டி கெட்டுப்போனதாக நினைத்துச் சூட்டைக் கூட்டி, இறைச்சியை வறட்டியாக்கிவிடுவார்கள். உண்மையில் இறைச்சியின் மேல்பரப்பில் நீர் ஆவியாகி, உள்ளே ஏறும் சூட்டை அதுவே தின்றுகொண்டிருக்கிறது; நமக்கு வேர்த்தால் உடம்பு குளிர்கிற அதே கணக்கு. நீர் வற்றியதும் சூடு தானாக ஏறும். 90-ஐத் தாண்டும்போது தசைநார் கூழாகக் கரைந்து, எலும்பை இழுத்தால் கையோடு வந்துவிடும். புகைக்கும் பதம் உண்டு. வெள்ளை வெளேரென்று குபுகுபுவென்று வந்தால் சில்லு அதிகம், காற்று குறைவு, இறைச்சி கசக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலம் பூத்தாற்போல் மெலிதாக வர வேண்டும்.

இந்தப் பெட்டி உண்மையிலேயே சாதித்த காரியம் ஒன்றுதான்: புகையை இறைச்சியோடு நிறுத்தி, சமைக்கிறவர் நெஞ்சுக்குள் போகாமல் தடுத்தது. விறகடுப்புக்கு மேல் பரண் கட்டி, விதைச் சோளக் கதிரையும் சுரைக் குடுவையையும் தொங்கவிட்ட வீடுகளில் அந்தப் புகை பூச்சியை விரட்டியது உண்மை. அடுப்படியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கண்ணையும் நுரையீரலையும் அதே புகைதான் தின்றது. வீட்டுப் புகையால் 2020-இல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. பரணைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்களில் பலர் அதன் கீழே உட்கார்ந்து ஊதுகுழல் ஊதியவர்கள் அல்லர்.

புகையிட்ட உணவு தமிழருக்குப் புதிதா என்றால் அதுவும் இல்லை. தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் சம்பலுக்குத் தட்டிப் போடும் மாசி, சூரை மீனை அவித்து, புகையிட்டு, வெயிலில் கட்டையாகக் காயவைத்தது. மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். குடகு மலையில் பன்றி இறைச்சியை அடுப்புக்கு மேல் உலர்த்தி வைக்கிறார்கள். நாகாலாந்தில் அது அன்றாடம். அங்கிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் இருக்கும் நகரங்களுக்கெல்லாம் புகையிட்ட பன்றிக்கறி பொட்டலமாகவே வந்துவிட்டது. தமிழ்நாட்டுச் சமவெளி மட்டும் புகையை விட்டு வெயிலைப் பிடித்துக்கொண்டது. ஆட்டுக்கறியை விரல் தடிமனில் வார்ந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் புரட்டி, நூலில் கோத்துக் கொடியில் தொங்கவிட்டால் உப்புக்கண்டம். வெயில் இருக்கிற வரை அதற்கு ஈடு கிடையாது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் ஈ மொய்க்கும், பூஞ்சை பிடிக்கும், நாய்க்குப் போட வேண்டியதுதான். வெயில் கைவிடும் அந்த மாதங்களில் சூடும் புகையும் கைக்கு அடங்கிய ஒரு பெட்டி என்ன செய்யும் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

கல்வராயன் மலை என்றதும் செய்தித்தாள் வாசகருக்கு நினைவுக்கு வருவது வேறொரு அடுப்பு. சாராய ஊறலை அழித்தார்கள், பேரலை உடைத்தார்கள் என்று வருடம் தவறாமல் செய்தி வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்தச் சாவுக்குக் காரணம் மெத்தனால், மலையில் காய்ச்சியதல்ல. ஆனாலும் பேச்சு மலை மேல்தான் போனது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, சாலை, மருத்துவம், பள்ளி என்று ஒவ்வொன்றாக அரசைக் கேட்டது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகும் அங்கே உள்ள மலையாளிப் பழங்குடிகள் பலருக்கு மரவள்ளியும் சாமையும் கடுக்காயும் போக மிச்சம் வெளியூர்க் கூலிவேலைதான். காய்ச்சாதே என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வேறு என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆளில்லை.

புகைக்கறி அத்தனைக்கும் விடை என்று சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கவும் வேண்டும். இருபது முப்பது குடும்பங்களுக்குப் பக்கவருமானம் தரும் ஒரு சரக்கு என்பது வரைதான் இந்த யோசனை. அதற்குத் தேவையானவை ஏறக்குறைய எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. நாட்டுக்கோழியும் வெள்ளாடும் மலையிலேயே வளர்கின்றன. மலையடிவாரத்தில் கோமுகி அணை இருக்கிறது; அணைமீனையும் புகையிடலாம். சில்லுக்குக் காட்டில் கை வைக்கத் தேவையில்லை, வைக்கவும் கூடாது. கல்வராயனின் சேலம் பக்கத்தில், கருமந்துறையில், ஆயிரம் ஏக்கர் அளவில் அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. பழத்தோட்டம் என்றால் ஆண்டுதோறும் கவாத்து உண்டு. கவாத்து என்றால் மாங்கிளையும் கொய்யாக்கிளையும் உண்டு. ஹவாய் தீவில் கொய்யா விறகையும், சீமைக் கருவேலத்தின் இன்னொரு பங்காளியான கியாவேயையும்தான் இறைச்சிக்குப் புகையாகப் போடுகிறார்கள். சமவெளி ஏரிக்கரைகளில் பிடுங்கிப் போடும் சீமைக் கருவேலத்தைப் பட்டை சீவி, ஆறு மாதம் காயவைத்துச் சில்லாக்கினால் டெக்சாஸ் பைக்கு வேலை இல்லை.

எல்லா மரமும் ஆகாது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது; அந்தப் பட்டறைகளில் சீவல் மலைபோல் குவிந்து கிடப்பதைப் பார்த்தால் கை அரிக்கும். பசையும் பாலிஷும் பட்ட மரம் நஞ்சு. பிளைவுட் துண்டும் அப்படியே. அரளியைச் சொல்லவே வேண்டாம். வேம்பு கறியைக் கஷாயமாக்கிவிடும்.

பெட்டியையும் இங்கேயே செய்யலாம். அமெரிக்க உறவினர் ஆசையாகக் கொண்டுவந்து தரும் பெட்டி பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கானது. அதை அப்படியே நம் 230 வோல்ட்டில் செருகினால் 800 வாட் கம்பி 2,900 வாட் இழுத்துச் செத்துப்போகும். பரிசுப்பொருள் அன்றே பழைய இரும்புக் கடைக்குப் போகும். கள்ளக்குறிச்சியில் பால் கேனும் ஓட்டல் மேடையும் செய்கிற எவர்சில்வர் பட்டறைக்காரர் ஒருவரிடம் படம் போட்டுக் கொடுத்தால் போதும்: இரட்டைத் தகடு, நடுவே கண்ணாடிப் பஞ்சு, தரமான தெர்மோஸ்டாட், கண்டிப்பாக எர்த். கால்வனைஸ் தகடு மட்டும் வேண்டாம். துத்தநாகப் பூச்சு உணவுப் பக்கம் ஆகாது. ரசாயனம் வந்த டிரம்மை மலிவென்று எடுத்துவருவது அதைவிடக் கேடு. கரண்ட் செலவும் பயப்படும்படி இல்லை. 800 வாட் கம்பி ஆறு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தாலும் ஐந்து யூனிட்டுக்குள்தான்.

இனி, இந்த யோசனைக்கு எதிராக நியாயமாகச் சொல்லக்கூடியவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் உப்பிட்ட, புகையிட்ட, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பட்டியலில் சேர்த்தது. கொழுப்பு நெருப்பில் சொட்டிக் கருகும்போது பென்சோபைரீன் போன்றவை எழுந்து கறியில் படிகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் புகையிட்ட இறைச்சியில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. மின்சாரப் பெட்டியில் கொழுப்பு தனித்தட்டில் விழுவதால் கேடு குறையும், ஒழியாது. ஆகவே இது மாதத்தில் ஒருநாள் ருசிக்கிற பண்டம், ஞாயிறுதோறும் தின்னுகிற கறியல்ல. வீட்டுக்கு வீடு பெட்டி வேண்டாம் என்பதற்கும் இதுவே முதல் காரணம். பணம் போட்டு வாங்கிய சாமானை வாரம் ஒருமுறையாவது பயன்படுத்தச் சொல்லும் வீட்டு மனசு யாருக்கும் தெரிந்ததுதான்.

அடுத்தது கெட்டுப்போகும் ஆபத்து. புகையில் வெந்த கறி ஊறுகாய் மாதிரி இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இருக்காது. சூட்டில் புகையிட்ட இறைச்சி குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாள்தான் தாங்கும். சூடேற்றாமல் வெறும் புகையில் ஊறவைக்கும் ஐரோப்பிய முறைக்கு 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். கள்ளக்குறிச்சி வெயிலில் அது விஷப்பரீட்சை. காற்றில்லாப் பொட்டலத்துக்குள் வளரும் பொட்டுலினம் கிருமி வாடை காட்டாமலும் நிறம் மாற்றாமலும் இருக்கலாம். எனவே கோழி என்றால் உள்சூடு 74 டிகிரியைத் தொட்டதா என்று குத்திப் பார்க்கும் கம்பி வெப்பமானியும், முடிந்த கையோடு குளிரவைக்க ஏற்பாடும் இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்கவே கூடாது. இரண்டும் ஒரு வீட்டால் முடியாதது, ஒரு குழுவால் முடிவது.

மூன்றாவதைச் சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மலையில் புகைக்கறி கிடைக்கிறது என்று தெரிந்தால், காரில் ஏறிவந்து, குரலைத் தாழ்த்தி, “காட்டுப்பன்றி இருக்கா?” என்று கேட்கும் கூட்டம் ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். விற்றவரும் வாங்கியவரும் கம்பி எண்ண வேண்டியதுதான். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மலைக்காரராகவே இருப்பார், காரில் வந்தவர் இரவோடு இரவாகச் சென்னை போயிருப்பார். பண்ணையிலிருந்து வந்த இறைச்சி என்பதற்கு ரசீதும், உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும், பொட்டலத்தின் மேல் தேதியும் இருந்தால்தான் வனத்துறைக்கும் போலீசுக்கும் வாசலில் நின்று பதில் சொல்ல முடியும். தனித்தனி வீடுகளில் நடந்தால் அந்தக் காகிதம் எதுவும் இருக்காது.

பணத்துக்கு வழி இல்லாமல் இல்லை. உணவு பதப்படுத்தும் குறுநிறுவனங்களுக்கான மத்திய அரசுத் திட்டம் 2020-இல் வந்தது. முதலீட்டில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். சுயஉதவிக் குழுக்களுக்கும் அதில் இடமுண்டு. கற்றுக்கொடுக்க ஆளும் தூரத்தில் இல்லை. சேலம் - கள்ளக்குறிச்சி எல்லையில் தலைவாசல் கூட்டுரோட்டில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் கால்நடைப் பூங்காவும் ஆராய்ச்சி நிலையமும் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டன. பால், இறைச்சி, முட்டை, மீன் ஆகியவற்றை மதிப்புக்கூட்டுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அங்கிருக்கும் இறைச்சி அறிவியல் வல்லுநர்கள் கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் ஒரே ஒரு கொட்டகை போட்டு, ஒரே ஒரு பெட்டி வைத்து, மாஞ்சில்லு, கொய்யாச்சில்லு, சீமைக் கருவேலச்சில்லு மூன்றிலும் நாட்டுக்கோழியைப் புகையிட்டு, ஒவ்வொன்றிலும் பென்சோபைரீன் எவ்வளவு, எத்தனை நாள் கெடாமல் இருக்கிறது என்று ஆய்வகத்தில் அளந்து சொல்லட்டும். அந்த எண்கள் கையில் இல்லாமல் மகளிர் குழுவைக் கடன் வாங்கச் சொல்வது நியாயமில்லை. எண்கள் சரியாக வந்தால் மாவட்ட நிர்வாகம் அடுத்த கல்வராயன் கோடை விழாவிலேயே ஒரு கடை போட்டுப் பார்க்கலாம்; அன்றைக்கு மலைக்குக் கூட்டம் எப்படியும் வரும்.