கல்லாப்பெட்டியும் ஓட்டக் காலணியும்

தொழில் தலையெடுக்கும் காலத்தில் ஓட்டம் ஒரு கேடா என்று நம்மவர் கேட்கின்றனர். வடிவத்தால் இது கேள்வி; உள்ளடக்கத்தால் தீர்ப்பு. கிள்ளானிலோ சுங்கை பட்டாணியிலோ சிறு தொழில் நடத்தும் ஒருவர், நாற்பதை எட்டிய அகவையில், பினாங்குப் பாலத்தில் நடைபெறும் நெடுந்தொலைவு ஓட்டத்திற்குப் பெயர் பதிந்துகொண்டார் என்று செய்தி பரவினால் போதும். "கடையை யார் பார்ப்பது?" என்பார் மாமனார். "வங்கிக் கடன் முடியட்டும், பிறகு ஓடலாம்" என்பார் பங்காளி. இரவு பத்துமணிவரை கல்லாவின்முன் அமர்ந்திருப்பவனே உழைப்பாளி என்னும் எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊன்றிவிட்டது.

தோட்டத்து முன்னோரைச் சான்று காட்டுவோரும் உளர். அவர்கள் எந்த ஓட்டப் பயிற்சி பெற்றார்கள் என்று வினவுவர். பெறவில்லைதான். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, பால்வாளி சுமந்து, மேட்டிலும் பள்ளத்திலும் நாள்தோறும் நடந்தவர்க்குத் தனியே ஒரு பயிற்சி எதற்கு? அவர்தம் பேரனோ தாத்தா உண்ட சோற்றளவை அப்படியே வைத்துக்கொண்டு, தாத்தாவின் நடையை மட்டும் விட்டுவிட்டான். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. இனவாரியாக நோக்கின் இந்தியரிடையே அது மிகுதி. முதலாளி மருத்துவமனையில் படுத்துவிட்டால் கடையை யார் பார்ப்பது என்பதை அந்த மாமனார் ஏன் முன்னரே கேட்பதில்லை?

நேரமில்லை என்னும் வாதத்தை அருகிருந்து பார்ப்போம். தோசை மாவு அரைத்துக் கடைகளுக்கு வழங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் வீட்டுப் பின்கட்டில் ஒரே கிரைண்டர், அக்கம்பக்கத்தார் வாங்கினர். இப்போது நான்கு கிரைண்டர்கள், ஒரு வேன், மூன்று பணியாளர். பிற்பகலில் அரிசியும் உளுந்தும் ஊறவைக்கவேண்டும், முன்னிரவில் அரைக்கவேண்டும், இந்நாட்டு வெப்பத்தில் மாவு விரைந்து புளிப்பதால், குளிரூட்டியில் வைக்கும் நேரம் தவறினால் ஒரு நாள் உழைப்பு முழுவதும் வீண். விடியுமுன் பொட்டலங்கள் கடைகளைச் சேரவேண்டும். இவையெல்லாம் மறுக்கவொண்ணாத வேலைகள். ஆயினும் இவ்வேலைகளுள் முதலாளியின் கையே பட்டாகவேண்டியவை எத்தனை? ஊறவைப்பதற்குரிய அளவைச் சுவரில் எழுதி ஒட்டினால் பணியாளர் செய்வர். அவரோ எழுதி ஒட்டுவதில்லை. அளவு அவர் தலைக்குள் இருக்கிறது. குளிரறையின் திறவுகோல் அவர் இடுப்பில் இருக்கிறது. பொட்டலத்தை அவர் எண்ணியபின் மற்றவர் எண்ணுவதும், மற்றவர் எண்ணியபின் அவர் மீண்டும் எண்ணுவதும் அன்றாட வழக்கம். ஒருமணி நேரம் முதலாளி இல்லையென்றால் நின்றுபோகும் தொழில் வளர்ந்த தொழிலன்று, வீங்கிய தொழில்.

முதன்முறை ஓடுவோர் 21 கிலோமீட்டர் ஓட்டத்திற்கு ஆயத்தமாக, வாரநாளில் மூன்று முறை முக்கால் மணி அளவும், வார இறுதியில் ஒருமுறை இரண்டு மணி நேரம்வரையும் ஓடினால் போதும். வாரத்தின் 168 மணி நேரத்தில் ஏறத்தாழ நான்கேகால் மணி. அந்த நான்கேகால் மணியைத் தேடும் முயற்சியே, அளவைச் சுவரில் எழுதவும் திறவுகோலை இன்னொருவரிடம் ஒப்படைக்கவும் அவரைக் கட்டாயப்படுத்தும். வேறு எந்த அறிவுரைக்கும் அவர் அசைந்திருக்கமாட்டார்.

இனி, ஓடுவோர் பக்கத்திலும் குற்றமுண்டு. சென்ற ஆண்டுவரை படியேறினால் மூச்சிரைத்தவர், எடுத்த எடுப்பிலேயே 42.195 கிலோமீட்டர் ஓடுவேன் என்கிறார். விலையுயர்ந்த காலணி வாங்குகிறார்; மூன்றாம் வாரத்தில் முழங்கால் வீங்கி அமர்கிறார். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையின் கையில் யாரேனும் காப்பியத்தைக் கொடுப்பரோ?

அதனினும் பெரிய குற்றம் ஒன்று உண்டு. அவர் ஓடும் நான்கேகால் மணி நேரம் வானத்திலிருந்து விழுவதன்று. பெரும்பாலும் அது மனைவியின் நேரம். அவர் விடியற்காலையில் பூங்காவைச் சுற்றிவரும்போது, பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பி, வேன் ஓட்டுநரின் அழைப்புக்கும் விடை கூறுபவர் அவர் இல்லாள். மாதக் கணக்கில் அரிசி விலையும் எரிபொருளும் ஏறுகின்றன. அந்த அம்மையாரின் நேரம் எந்தப் பக்கத்திலும் ஏறுவதில்லை. கழுத்தில் பதக்கத்துடன் எடுத்த படம் மட்டும் கடைச்சுவரில் ஏறுகிறது! பகுதிநேரப் பணியாளர் ஒருவரைக் காலையில் அமர்த்தி, அக்கூலியை ஓட்டத்தின் செலவாக நேர்மையாய் எழுதட்டும். அல்லது வாரத்தில் இரு காலைகள் கணவர் வீட்டைப் பார்க்க, மனைவி நடக்கட்டும், ஓடட்டும். பெண்டிர்க்கு நெடுந்தொலைவு ஆகாது என்பார்க்குச் சிங்கப்பூரின் கே. ஜெயமணியை நினைவூட்டலாம், 1983இல் தென்கிழக்காசிய விளையாட்டில் மாரத்தான் தங்கம் வென்றவர் அவர்.

இரட்டைச் சுமைக்கு எடுத்துக்காட்டாக மருத்துவர் மணி ஜெகதீசனைப் பலரும் மேடைகளில் கூறுவர். மருத்துவம் பயின்ற அவர் 1960, 1964, 1968 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் ஓடினார். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் பெற்றார். பெருமைக்குரிய செய்திதான். ஆயினும் அவர் விரைவோட்டக்காரர், இளைஞர். மாதக் கடைசியில் மூவர்க்குச் சம்பளம் கொடுக்கும் கவலை அவர்க்கில்லை. மாவுக்கடைக்காரர்க்கு அவ்வுவமை முழுதும் பொருந்தாது.

இவர்க்குப் பொருந்துவது நாட்காட்டி. பினாங்குப் பால ஓட்டம் பெரும்பாலும் ஆண்டிறுதியில் வருவது. தீபாவளியும் அக்டோபரிலோ நவம்பரிலோ வருவது. பயிற்சியின் கடினமான வாரங்களும், மாவு கேட்டுக் கடைகள் நச்சரிக்கும் வாரங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும். பெயர் பதியுமுன் இதைப் பார்த்திருக்க வேண்டும். பாராமல் பதிந்துவிட்டாராயின், அந்த வாரங்களில் நீண்ட ஓட்டத்தைக் கைவிட்டு, வாரம் இருமுறை அரைமணி ஓடிக் காலைக் காத்துக்கொண்டு, 21 கிலோமீட்டரிலிருந்து 10 கிலோமீட்டருக்கு மாறிக்கொள்ளலாம். அதற்கும் வழியில்லையேல், பதிவுக் கட்டணத்தை நட்டமாக எழுதிவிட்டுப் பொங்கலுக்குப்பின் வரும் வேறோர் ஓட்டத்திற்குப் பதியலாம். மாமனார் அப்போதும் ஏதேனும் சொல்லத்தான் செய்வார்.