மலையக மின்மடல்களும் நமது கடமையும்

தன் வாழ்வைத் தானே எழுதுவதற்கு ஒரு மக்கட்கூட்டம் கொண்டுள்ள உரிமை, எழுதியதைப் பிறர் தயவின்றி வாசகரிடம் சேர்க்கும் வழி இல்லாதவிடத்துப் பாதி உரிமையாகவே நின்றுவிடுகிறது. எழுதும் கையை எவரும் தடுக்காத காலத்திலும், எழுதியவற்றுள் எது அச்சேறும், எது திரும்பும் என்பதை முடிவுசெய்யும் ஆற்றல் ஒரு சிலரிடமே இருக்குமாயின், அச்சிலரின் கண்ணுக்கு எட்டாத வாழ்க்கை ஏட்டிலும் இடம்பெறாமல் போகும். இலங்கையின் நடுமலைநாட்டுத் தமிழர் இதை நூல்களில் படித்து அறிந்தவர்கள் அல்லர். இருநூறு ஆண்டுகளாகத் தம்மைப் பற்றிய கணக்கைப் பிறர் எழுத, அதன் கீழே கைநாட்டு வைத்துவந்தவர்கள் அவர்கள்.

ராகலையிலும், கந்தப்பொளையிலும், உடப்புசல்லாவையிலும், அட்டனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் பிறந்த ஒருவர், இன்று தம் கைப்பேசியில் எழுதிய கட்டுரையை மின்மடலாக வாசகரின் அஞ்சற்பெட்டிக்கே நேரடியாக அனுப்பலாம். அச்சகக் கூலி வேண்டியதில்லை; ஆசிரியர் குழுவின் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2017இல் தொடங்கப்பெற்ற சப்ஸ்டாக் முதலிய தளங்கள், எழுத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்க்கும் இவ்வழியைத் திறந்துவிட்டுள்ளன. இதனை மேலைநாட்டார் கண்ட புதுமை என்று மட்டும் எண்ணி ஒதுக்குவோர், மலையக எழுத்தின் வரலாற்றை மறந்தவர்களாவர். இம்மண்ணில் எழுத்து தொடக்கம் முதலே தொழில்முறை எழுத்தாளரால் வளர்ந்ததன்று. வேறு வேலை பார்த்தவர்கள், வேலைக்கு இடையே, தம் செலவில் எழுதி, தம் கையாலேயே பரப்பி வளர்த்தது.

1924இல் தேசபக்தன் இதழைத் தொடங்கிய கோ. நடேசய்யரை நாடு அறியும். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள் 1931இல் வெளியிட்ட இந்தியத் தொழிலாளர் துயரச் சிந்து என்னும் நூலை அறிந்தவர் சிலரே. தொழிலாளர் செவிக்குப் பழகிய மெட்டுகளில் அவர்தம் துயரையும் உரிமையையும் வைத்துப் பாடிய சிறு நூல் அது. கூட்டங்களில் அம்மையாரே எழுந்து நின்று பாடினார். கேட்டவர்கள் மெட்டோடு மனத்தில் ஏற்றித் தம் குடியிருப்பு வரிசையாகிய லயத்துக்குக் கொண்டுசென்றனர். தோட்டத்துக்குள் வெளியார் கால்வைப்பதே அத்துமீறல் குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. புடவை விற்பவரைப் போல வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையை அறிந்தவர் என்று நடேசய்யரைப் பற்றிச் சொல்லப்படுவது, அக்காலத்தில் ஒரு செய்தி லயத்திலிருந்து வெளியே வருவதற்கும், வெளியிலிருந்து லயத்துக்குள் செல்வதற்கும் எத்துணை மறைவு வேண்டியிருந்தது என்பதைக் காட்டுகிறது. பாட்டு எல்லைக்கல்லைத் தாண்டிற்று. தாளில் அச்சான நூல் தடுமாறிற்று.

அடுத்த தலைமுறையில் வழியைத் திறந்தது நாளேடு. 1930இல் தொடங்கிய வீரகேசரியில் எஸ். எம். கார்மேகம் பொறுப்பேற்று நடத்திய தோட்ட மஞ்சரிப் பகுதியும், மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தோடு சேர்ந்து நிகழ்ந்த சிறுகதைப் போட்டிகளும், தோட்டப் பாடசாலை ஆசிரியர்களையும் எழுதுவினைஞர்களையும் தொழிலாளர் பிள்ளைகளையும் எழுத்தாளராக்கின. அப்போட்டிகளின் விளைச்சலாக 1971இல் கதைக்கனிகள் என்னும் தொகுப்பு வெளிவந்தது. தெளிவத்தை ஜோசப் போன்ற எழுத்தாளர்கள் அத்தலைமுறையினர். அங்கே நிகழ்ந்தது வெளியீடு மட்டுமன்று. வந்த கதையைப் படித்து, இந்த இடம் நீள்கிறது, இந்தப் பேச்சு தோட்டத்துப் பேச்சாக இல்லை என்று சொல்லித் திருத்தும் ஒருவர் அங்கே இருந்தார். அந்தப் பணியைப் புதிய காலத்தில் எவர் செய்வார் என்பதே, இம்மின்மடல்களைக் குறித்து யாம் முதன்மையாக எழுப்பும் வினா.

இவ்வழியால் விளையும் நன்மையை முதலில் நேர்மையோடு ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புவதென ஏற்பாடு செய்தது. அண்ணன் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போக, தம்பி ராகலையில் நிற்க, ஒரே லயத்தின் இரு காம்பராக்களில் வாழ்ந்த குடும்பங்கள் கடலால் பிரிந்தன. கொழும்பில் அச்சாகும் ஏடு நீலகிரிக்குச் செல்வதில்லை. நீலகிரியில் எழுதப்படுவது ராகலைக்கு வருவதில்லை. இன்று ராகலைத் தோட்டமொன்றில் எழுதப்படும் மடல் அன்றிரவே கோத்தகிரியிலும், இலண்டனிலும், தொறன்ரோவிலும் படிக்கப்படலாம். பிரிக்கப்பட்ட சமூகமொன்றின் இரு கரைகளையும் ஒரே வாசகர் கூட்டமாக்கக்கூடிய ஊடகம் இதற்கு முன் மலையகத்துக்கு அரிதாகவே வாய்த்தது. அரசுகளின் உடன்படிக்கை பிரித்ததை அரசுகளின் அனுமதி கேளாமலே ஒரு கடிதம் இணைக்கக்கூடுமானால், அதன் மதிப்பைக் குறைத்துப் பேச எமக்கு மனம் இடந்தரவில்லை.

எழுதுவதற்குரிய பொருளும் இங்கே நிறையவுண்டு. வெளியார் எளிதில் தொட இயலாத பொருள். கொழுந்து மடுவத்தில் நிறுவைத் தராசு எவ்வாறு நிற்கிறது, மழைநாளில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் எத்தனை கிலோ கழிக்கப்படுகிறது, குறித்த நிறை எட்டாத நாளில் முழுநாள் கூலியாகிய முழுப்பேர் எவ்வாறு அரைப்பேர் ஆகிறது, அந்த அரைப்பேர் சம்பளத் துண்டில் எந்த வரியில் எவ்வாறு தோன்றுகிறது என்பவற்றைக் கூடையைச் சுமந்தவரே சொல்லக்கூடும். தலைநகரிலிருந்து ஒருநாள் வந்துபோகும் செய்தியாளருக்குக் கிட்டுவது தேயிலைச் சரிவின் பசுமையும் இரண்டொரு பேட்டியும்தாம். தலவாக்கலைப் பகுதித் தோட்டத்திலேயே வாழ்ந்து எழுதிய மல்லிகை சி. குமாரின் கவிதைகளும் கதைகளும், இடத்தை விட்டு அகலாது எழுதுபவனின் கண்ணுக்கு எவை புலப்படும் என்பதை மெய்ப்பித்தவை.

ஆயினும் அறிந்திருப்பது மட்டும் போதாது. இடைநின்று திருத்துவார் இல்லாதபோது, திருத்தும் கடமை முழுவதும் எழுதுபவரின் தோளில் வந்து விழுகிறது. தன் மடலில் ஒரு தோட்டத்தில் நிறுவை ஏய்க்கப்படுவதாக எழுதுபவர், எந்த நாள், எத்தனை கிலோ, எவர் கண்டது என்பதை எழுத வேண்டும். எழுத இயலாவிடின் அவ்வரியை நீக்க வேண்டும். மறுதரப்பின் விடையைக் கேட்டறிந்து, அதனையும் சேர்த்தே எழுத வேண்டும். பிழையிருப்பின் அடுத்த மடலின் தலைப்பிலேயே திருத்தம் சொல்ல வேண்டும். இவை இதழியல் மாணவர்க்கு மட்டும் உரியவை என்று கருதுவோர் ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும்: பெரிய ஏடொன்று தவறெழுதினால் அவ்வேட்டின் மதிப்பே குறையும்; பெயரறியாத் தோட்டத்துப் பெண் ஒருத்தி தவறெழுதினால், அவளுக்குப் பின்னால் எழுதவரும் அனைவரின் சொல்லும் ஐயத்துக்குள்ளாகும். நீதியற்றதெனினும் நிலைமை அதுவே.

சட்டத்தின் நிழலும் இதில் படிந்துள்ளது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இணையத்தில் வெளியாகும் கூற்றுகளைப் பொய்யானவையென அடையாளங்கண்டு அவற்றின்மீது நடவடிக்கை எடுக்க ஆணைக்குழுவொன்றுக்கு வகைசெய்கிறது. சட்டத்துறைப் பிரிவும் வழக்கறிஞரும் உடைய நிறுவனம் இதனை எதிர்கொண்டு நிற்கலாம். லயத்துக் காம்பராவில் அமர்ந்து எழுதுபவர் ஓர் அழைப்பாணைக்கே எழுத்தை நிறுத்திவிடக்கூடும். ஒரு காலத்தில் அத்துமீறல் சட்டம் எல்லைக்கல்லில் நின்று செய்த வேலையை, புதிய சட்டம் திரைக்குள் நின்று செய்துவிடலாகாது. ஆகவே மலையகத்தின் தொழிற்சங்கங்களும் சட்ட உதவி அமைப்புகளும் இத்தகைய எழுத்தாளர்க்குக் கட்டணமின்றி அறிவுரை வழங்கும் ஒழுங்கொன்றை ஏற்படுத்துதல் வேண்டும். சந்தாப் பணத்தால் வளர்ந்த சங்கங்களுக்கு இது கொடையன்று, கடன்.

பொருளியல் தடையைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். வாசகரே எழுத்தாளரைத் தாங்குவதே இத்தளங்கள் முன்வைக்கும் உறுதிமொழி. சப்ஸ்டாக்கில் வாசகர் செலுத்தும் சந்தாவில் பத்தில் ஒரு பங்கைத் தளம் எடுத்துக்கொண்டு, கட்டணச் செலவு போக எஞ்சியதை எழுத்தாளருக்கு அளிக்கிறது. ஆனால் அப்பணம் ஸ்ட்ரைப் என்னும் கட்டண நிறுவனத்தின் வழியாகவே செல்கிறது. இலங்கையில் வாழ்பவர் அந்நிறுவனத்தில் பணம் பெறுங் கணக்குத் திறக்க வழியில்லை. ஆகவே இலண்டனிலுள்ள வாசகர் ராகலை எழுத்தாளருக்குச் சந்தா செலுத்த விரும்பினாலும், அது அவர் கைக்கு வந்துசேராது. வெளிநாட்டிலுள்ள உறவினரின் பெயரில் கணக்கு வைத்துச் சமாளிக்கலாம் என்பர். தன் உழைப்பின் கூலியைப் பிறர் பெயரில் பெறும் நிலையை மலையகத்துக்கு மீண்டும் பரிந்துரைக்க யாம் விரும்பவில்லை. கங்காணியின் கையால் சம்பளம் பெற்ற காலத்தின் நினைவு இன்னும் மங்கவில்லை.

உள்ளூர் வாசகரின் நிலையோ வேறு. அத்தளங்களில் வழக்கமான மாதச் சந்தா ஐந்து டொலர், நம் பணத்தில் ஏறத்தாழ 1,500 ரூபாய். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாயாக இருந்தது. தன்னைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்க ஒருத்தி ஏறத்தாழ ஒருநாள் கூலியைக் கொடுக்க வேண்டுமெனில், அம்மடல் அவளுக்கு எழுதப்பட்டதாகாது. வசதியுள்ள வெளிநாட்டு வாசகர் கட்டணம் செலுத்த, தோட்டத்து வாசகர் இலவசமாகப் பெறும் முறையே இங்கு நேரியது. மீனாட்சியம்மாள் பாடியபோது கேட்டவர்களிடம் நுழைவுச்சீட்டுக் கேட்கப்படவில்லை.

எம்மை மிகவும் கவலைகொள்ளச் செய்வது, எழுதியவை நிலைக்குமா என்பது. இதற்கு இம்மண்ணின் வரலாறே ஒரு பாடம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பொளை வழியாக ராகலைக்கு 1904இல் ஒரு குறுகிய இருப்புப்பாதை வந்தது. தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுபோகவே அது போடப்பட்டது. மக்களும் அதில் ஏறிச் சென்றனர். அதனால் ஈட்டம் இல்லையென்று கண்டபோது, 1940களின் முடிவுக்குள் தண்டவாளமே பெயர்க்கப்பட்டது. அப்பாதையை நம்பி வாழ்ந்தவரை எவரும் கேட்கவில்லை. பிறர் தம் ஆதாயத்துக்கென இட்ட பாதையில் பயணம் செய்வோர் இவ்வரலாற்றை மறத்தலாகாது. மின்மடல் தளங்களும் அத்தகைய பாதைகளே. டுவிட்டர் நிறுவனம் வாங்கிய ரெவ்யூ என்னும் மின்மடல் தளம் 2023 சனவரியில் மூடப்பட்டது. மெயில்சிம்ப் நிறுவனத்தின் டைனிலெட்டர் 2024 பெப்ரவரி 29ஆம் நாள் நிறுத்தப்பட்டது. அவற்றில் எழுதிவந்தோர் தத்தம் மடல்களைத் தாமே காப்பாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. வாசகரின் முகவரிப் பட்டியலைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளச் சப்ஸ்டாக் இடந்தருகிறது. அதனைத் திங்கள்தோறும் செய்யாத எழுத்தாளர் தம் வாசகரைப் பிறரிடம் அடைமானம் வைத்தவராவார்.

நடேசய்யரின் பணிகளைத் தேடித் தொகுத்து 1988இல் நூலாக்கிய சாரல்நாடன், துண்டுநூல்களையும் பழைய ஏடுகளையும் நாடிப் பல்லாண்டு உழைத்தார். தாளில் அச்சானவற்றுக்கே அத்தனை உழைப்பு வேண்டியிருந்ததெனில், கடவுச்சொல் மறந்த நாளில் மறையக்கூடிய எழுத்தை நாளைய ஆய்வாளர் எங்கே தேடுவார்? 2005 முதல் ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்திக் காத்துவரும் நூலகம் நிறுவனம், தன்னார்வலரின் உழைப்பால் பெருந்தொண்டு ஆற்றியுள்ளது. அத்தொண்டு அரசின் கடமைக்கு மாற்றாகாது. 1885ஆம் ஆண்டின் அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டம், இந்நாட்டில் அச்சாகும் நூல்களின் படிகள் அரசிடம் சேர்க்கப்பட வேண்டுமென விதித்தது. குடியேற்ற அரசு கண்காணிப்புக்கென வகுத்த அவ்விதி, காலப்போக்கில் நம் எழுத்தின் காப்பகமாக மாறியது. அச்சேறாது வெளியாகும் எழுத்துக்கு அத்தகைய காப்பு இன்னும் இல்லை. எழுத்தாளர் விரும்பி அளிக்கும் மின்மடல்களைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை ஏற்றுப் பேணுவதற்கு, கண்காணிப்பின் சாயலின்றி, ஒரு விதி இயற்றப்படுதல் வேண்டும்.

அதுவரை தோட்டப் பாடசாலைகளின் தமிழாசிரியர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தம் மாணவரும் பழைய மாணவரும் எழுதும் மடல்களைத் திங்களுக்கொருமுறை தாளில் எடுத்துப் பாடசாலை நூலகத்தில் கோவையாக வைப்பதற்கு ஒரு கட்டுத் தாளும் ஒரு பிற்பகலும் போதும். அக்கோவையைப் படித்துப் பிழை காட்டும் ஆசிரியர், கார்மேகம் விட்டுச்சென்ற பணியைத் தம் வகுப்பறையளவில் தொடர்பவராவார். கைப்பேசி இல்லாத பெற்றோர்க்கு அதிலிருந்து உரக்கப் படித்துக்காட்டும் பிள்ளையும் அங்கே கிடைக்கும். மலையகத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி அடுத்த கூட்டத்தொடரில் எழுப்பவேண்டிய வினாக்கள் இரண்டு: இந்நாட்டு எழுத்தாளர் தம் பெயரிலேயே வெளிநாட்டு வாசகரின் கட்டணத்தைப் பெறுவதற்கு மத்திய வங்கி என்ன ஏற்பாடு செய்யவிருக்கிறது, 1885இன் சட்டம் எப்போது திருத்தப்படும்.