'ஸீரோ இன்டர்ஃபியரன்ஸ்' என்று வந்துவிட்டால் டிசைன் சரியாகிவிடுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வருடம் டிப்ளமோ, பி.இ. பிள்ளைகளின் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் சிலவற்றைப் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஒரு படம். நடுவில் அசெம்ப்ளி, ஓரத்தில் சின்னப் பெட்டி, அதில் இன்டர்ஃபியரன்ஸ் எதுவும் இல்லை என்ற வரி. அதற்குக் கீழே, "ஆகவே டிசைன் சரியானது." 32 வருடம் மெஷின் டிராயிங் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த 'ஆகவே'யை என்னால் ஏற்க முடியாது.

மாமா எதைப் பற்றிப் பேசுகிறார் என்று கேட்கும் உறவுகளுக்காக ஒரு வார்த்தை. இப்போது ஒரு இயந்திரத்தைச் செய்வதற்கு முன் அதன் எல்லா பாகங்களையும் கணினியில் வரைந்து, அங்கேயே கோத்துப் பார்க்கிறார்கள். ஒரு பாகம் இன்னொரு பாகத்துக்குள் புகுந்து நின்றால், அந்த இடத்தை மென்பொருள் சிவப்பாகக் காட்டும். அதற்குப் பெயர்தான் இன்டர்ஃபியரன்ஸ் செக்.

அருமையான வசதி. நான் டிராயிங் போர்டு காலத்து ஆள், அதனால் கணினியைத் திட்டுகிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். போயிங் 777 விமானத்தை முழுக்கக் கணினியில் வடிவமைத்து, பாகங்களின் மோதலைத் திரையிலேயே தேடித்தான் கட்டினார்கள். மூக்குப் பகுதிக்கு மட்டும் ஒரு முழு அளவு மாதிரி செய்து பார்த்தார்கள். அது பொருந்தியதும் மற்ற மாதிரிகளை விட்டுவிட்டார்கள். 1994 ஜூனில் அந்த விமானம் பறந்தது. ஆனால் அங்கே 200-க்கும் மேற்பட்ட குழுக்கள் வேலை செய்தன. வரைகிறவரோடு தயாரிக்கிறவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார். நம் ஆட்கள் மென்பொருளை மட்டும் வாங்கினார்கள், அந்த மேசையை வாங்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 25 மி.மீ. துளை, 25 மி.மீ. ஷாஃப்ட். துளை H7. ஷாஃப்ட் g6 என்றால் துளையைவிட 7 முதல் 41 மைக்ரான் வரை சிறியதாக இருக்கும். கையால் தள்ளினாலே வழுக்கிப் போகும். அதே ஷாஃப்ட் p6 என்றால் துளையைவிட 1 முதல் 35 மைக்ரான் வரை பெரியது. பிரஸ்ஸில் வைத்து அழுத்தித்தான் இறக்க வேண்டும். வேலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். திரையில்? இரண்டுமே 25-க்கு 25 என்றுதான் வரையப்பட்டிருக்கும். இரண்டுக்கும் ஒரே பதில், ஸீரோ.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அக்கறையுள்ள ஒரு பையன் பிரஸ் ஃபிட் அளவை உள்ளபடியே வரைகிறான் என்று வையுங்கள். மென்பொருள் சிவப்பு காட்டும். காட்டத்தான் வேண்டும், அங்கே இறுக்கம் இருப்பதுதான் டிசைன். ஆனால் சிவப்பு இருந்தால் மார்க் குறையும் என்று ஆசிரியர் சொல்லி வைத்திருக்கிறார். பையன் ஷாஃப்டைக் குறைத்து ஸீரோ ஆக்குகிறான். மார்க் கிடைக்கிறது. அந்த அளவில் செய்தால் புஷ் கழன்று வரும்.

அடுத்தது போல்ட். M10 போல்ட்டை மரை இல்லாமல் 10 மி.மீ. உருளையாக வரைகிறோம். தட்டுப் போடும் துளை 8.5 மி.மீ. ஒவ்வொரு போல்ட்டும் சிவப்பாகத்தான் வரும். 40 போல்ட் இருந்தால் 40 சிவப்பு. இவையெல்லாம் பொய் மோதல் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் என்ன செய்கிறார்கள்? மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'இக்னோர்'. 41-வதாக ஒரு நிஜ மோதல் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தால் அதுவும் சேர்ந்து மறைந்துபோகும். பெட்டியில் வருவது ஸீரோதான்.

மூன்றாவது, வீட்டுப் பெண்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த விஷயம். புது பீரோ மாடி அறைக்குள் தாராளமாகப் பொருந்தும், ஆனால் மாடிப்படித் திருப்பத்தில் நுழையாது. கணினி, பீரோ அறையில் நிற்பதை மட்டும் பார்த்து 'சரி' என்கிறது. பாகம் எந்த வழியாக உள்ளே போகும், எது முதலில் போக வேண்டும், ஸ்பேனரைத் திருப்ப இடம் இருக்கிறதா, லிங்க் சுற்றும்போது பாதி வழியில் எதிலாவது இடிக்குமா என்றெல்லாம் நாம் தனியாகக் கேட்டால்தான் அது பதில் சொல்லும். யாரும் கேட்பதில்லை.

இதற்கெல்லாம் தண்டனை யாருக்கு? என் பழைய மாணவர் ஒருவர் ஒரு தொழிற்கூடத்தில் ஃபிட்டர். பெயர் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். 12 ஃபிரேம்கள் வெல்டிங் முடிந்து வந்தன. மோட்டாரை ஏற்றினால் அதன் டெர்மினல் பாக்ஸ் பிராக்கெட்டில் இடிக்கிறது. டிசைனில் ஸீரோ ரிப்போர்ட் பத்திரமாக இருந்தது. எப்படி என்று பார்த்தால், வரைந்தவர் எடுத்துப் போட்ட மோட்டார் மாடலில் டெர்மினல் பாக்ஸே இல்லை! இல்லாத பொருள் எதில் மோதும்? ஆனால் திட்டு வாங்கியது ஃபிட்டர். "இவ்வளவு நாள் வேலை பார்க்கிறாய், கிரைண்டர் போட்டு ஒதுக்கத் தெரியாதா?" 12 பிராக்கெட்டையும் இரவோடு இரவாக உட்கார்ந்து வெட்டினார். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவருக்கு இந்தச் செய்தியே போய்ச் சேரவில்லை. போய்ச் சேராததால் அடுத்த ஆர்டருக்கும் அதே டிராயிங்தான் வரும். என் கோபத்துக்குக் காரணம் இதுதான்.

சின்னப் பட்டறைகளில்தான் இப்படி நடக்கும் என்று நினைக்காதீர்கள். ஏர்பஸ் ஏ380 விமானத்தில் சுமார் 530 கிலோமீட்டர் ஒயர். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கேட்டியா மென்பொருளின் 4-ஆம் பதிப்பில் வேலை செய்தார்கள், பிரான்சின் துலூஸில் 5-ஆம் பதிப்பில். இரண்டு பக்கமும் திறமைசாலிகள்தான். துலூஸில் ஒயர் கட்டுகளை இழுத்துப் பொருத்தும்போது நீளம் போதவில்லை. 2006-இல் கொடுக்க வேண்டிய முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. 2006 ஜூனில் தாமதத்தை அறிவித்தபோது தாய் நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் கால் பங்குக்கு மேல் விழுந்தது. திரையில் இருந்ததும் விமானத்தில் இருந்ததும் ஒன்றாக இல்லை. மோட்டாரின் டெர்மினல் பாக்ஸ் கதையும் அதேதான், தொகை மட்டும் வேறு.

"சார், இதையெல்லாம் பார்க்க நேரம் எங்கே?" என்று கேட்பீர்கள். 12 பிராக்கெட்டை வெட்ட மட்டும் எங்கிருந்து நேரம் வந்தது? அது ஃபிட்டருடைய தூக்கத்திலிருந்து வந்தது. "அனுபவத்தில் தானாக வரும் சார்" என்பீர்கள். தப்பு நடந்த செய்தி உங்கள் மேசைக்கே வராதபோது அனுபவம் எங்கிருந்து வரும்?

கல்லூரிகளில் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்குச் சொல்கிறேன்: ஸீரோவுக்கு மார்க் கொடுப்பதை நிறுத்துங்கள். வந்த சிவப்பு ஒவ்வொன்றையும் பட்டியல் போடச் சொல்லுங்கள். இது மரை, இது பிரஸ் ஃபிட், இது நிஜ மோதல், இப்படித் திருத்தினேன் என்று காரணம் எழுதட்டும். அந்தக் காரணத்துக்கு மார்க் கொடுங்கள். மறைத்து வைத்த பாகங்கள் எவை என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

டிசைன் ஆபீஸில் இருப்பவர்களுக்கு: வெளியில் வாங்கும் மோட்டார், சிலிண்டர், வால்வு எதுவானாலும் நிஜப் பொருளை ஒரு தடவை டேப் வைத்து அளந்து பாருங்கள். முதல் செட் கோக்கும் அன்று ஃபிட்டர் பக்கத்தில் போய் நில்லுங்கள். எந்த இடத்தில் அவர் கிரைண்டரை எடுக்கிறாரோ அந்த இடத்தை டிராயிங்கில் குறித்து, அன்றைக்கே திருத்துங்கள்.

பட்டறையில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு: இடித்தால் சத்தமில்லாமல் ஒதுக்கிக் கொடுக்காதீர்கள். போட்டோ எடுத்து, அளவு எழுதி, டிராயிங் நம்பரோடு மேலே அனுப்புங்கள். முதல் இரண்டு தடவை திட்டுவார்கள். மூன்றாவது தடவை டிராயிங் மாறும்.

மறுப்பு இருப்பவர்கள் தாராளமாக கமெண்டில் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். "சூப்பர் சார்" மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்கள் கடைசி அசெம்ப்ளியில் எத்தனை மோதலை 'இக்னோர்' செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்று எழுதுங்கள். அந்தப் பட்டியல்களைத்தான் படிக்கக் காத்திருக்கிறேன்.