மலிவு பிரிண்டர் என்பது வீட்டுக்குள் வரும் கடன்



தவணை தொடங்கினால் போதும், பெற்றோரிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரே கேள்வி. "சேர், பிள்ளையிட ஒப்படைக்கு கலர் படம் எடுக்க வேணுமாம். வீட்டுக்கு எந்த பிரிண்டர் நல்லம்? விலை குறைஞ்சதாப் பார்த்துச் சொல்லுங்க."

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை. எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம்தான். சீட்டுக் காசை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதற்கு முன் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

விலை குறைந்த பிரிண்டரை வாங்காதீர்கள். கடைக்காரர் பிரிண்டரின் விலையைச் சொல்லும்போது, "இதுக்கு இங்க் என்ன விலை, எத்தனை பக்கம் வரும்?" என்று கேளுங்கள். பிரிண்டர் வாங்குவது ஒருநாள் செலவு. இங்க் வாங்குவது அந்தப் பிரிண்டர் இருக்கும் வரைக்கும் செலவு. கம்பனிக்காரனுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் மெஷினை மலிவாகக் கொடுத்துவிட்டு, இலாபத்தை இங்கில் வைத்திருக்கிறான்.

கணக்கைப் பாருங்கள். வீடுகளில் அதிகம் காணப்படும் எச்பி டெஸ்க்ஜெட் ரகங்கள் சிலவற்றுக்கு 680 என்ற காட்ரிஜ் போட வேண்டும். அதில் கறுப்பு சுமார் 480 பக்கம், கலர் சுமார் 150 பக்கம். இது கம்பனியே சொல்லும் கணக்கு. கலர் காட்ரிஜ் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 6,000ஐ 150ஆல் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு இங்க் மட்டும் 40 ரூபாய். இந்த 150 பக்கமும் எழுத்தும் சின்னச் சின்னப் படங்களும் உள்ள பக்கங்களை வைத்து அளந்தது. பக்கம் நிறைய போட்டோ அடித்தால் அதில் பாதிகூட வராது.

இன்னும் இருக்கிறது. அந்தக் கலர் காட்ரிஜ்ஜுக்குள் நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. பிள்ளை கடல், வானம் என்று படம் எடுத்து நீலம் முடிந்துவிட்டால், மஞ்சள் பாதி மிச்சமிருந்தாலும் முழுக் காட்ரிஜ்ஜையும் தூக்கி வீச வேண்டியதுதான். பாவிக்காமல் மூடி வைத்தாலும் தப்ப முடியாது. நம்ம ஊர் வெயிலுக்கு இங்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதைத் துப்புரவு செய்யவும் பிரிண்டர் இங்கைத்தான் செலவழிக்கும்.

"ஊசியால இங்க் ஏத்தலாம்தானே, டூப்ளிகேட் காட்ரிஜ் இருக்குதானே" என்பீர்கள். அந்த வழியை அடைக்கத்தான் கம்பனிகள் காட்ரிஜ்ஜில் சிப் வைக்கின்றன. 2016 செப்டம்பரில் எச்பி தன் ஒபிஸ்ஜெட் பிரிண்டர்கள் சிலவற்றில் வேறு கம்பனிக் காட்ரிஜ்களை வேலை செய்யவிடாமல் தடுத்தது. நேற்றுவரை ஓடிய காட்ரிஜ் அன்று ஓடவில்லை. இந்தக் கட்டுப்பாட்டை வாங்குபவர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று இத்தாலியின் போட்டி ஆணையம் 2020இல் அந்தக் கம்பனிக்கு ஒரு கோடி யூரோ தண்டம் விதித்தது. லெக்ஸ்மார்க் கம்பனி, தன் காட்ரிஜ்களில் மை நிரப்பி விற்றவர்கள் மீது வழக்குப் போட்டது. ஒரு பொருளை விற்ற பிறகு காப்புரிமையைக் காட்டி அதைத் தடுக்க முடியாது என்று 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதெல்லாம் வசதியான நாடுகளில் நடந்தவை. டொலர் ஏறினால் இங்க் விலையும் ஏறும் நம் நாட்டில், இந்த விளையாட்டுக்கு நாம் தாங்குவோமா?

அப்படியானால் எதை வாங்குவது? வாங்கத்தான் வேண்டும் என்றால், போத்தலில் இங்க் ஊற்றும் டேங்க் பிரிண்டர். எப்சன் 2010இல் இதை முதலில் இந்தோனேசியாவில் விற்கத் தொடங்கியது. பிறகு கெனன் ஜி வரிசையுடன் வந்தது. எச்பியும் இப்போது டேங்க் ரகம் விற்கிறது. எப்சன் எல்3110, எல்3250 போன்றவற்றுக்கு 003 போத்தல். கறுப்பு ஒரு போத்தலுக்கு சுமார் 4,500 பக்கம், மூன்று கலர் போத்தலும் சேர்ந்தால் சுமார் 7,500 பக்கம். இதுவும் கம்பனிக் கணக்குத்தான். ஆனாலும் 150 எங்கே, 7,500 எங்கே? ஐம்பது மடங்கு. மெஷின் விலை இரண்டு மூன்று மடங்காக இருக்கலாம். இங்கிலேயே அந்த வித்தியாசம் தீர்ந்துவிடும்.

டேங்க் பிரிண்டருக்கும் குறை உண்டு, அதையும் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு கலர் பக்கமாவது எடுக்காவிட்டால் அதுவும் அடைத்துக்கொள்ளும். மலிவு இங்க் ஊற்றி ஹெட் பழுதானால் திருத்தும் செலவு பெரிது. கழிவு மை சேரும் பஞ்சு நிறைந்தால் மெஷின் வேலையை நிறுத்தும். அந்தப் பஞ்சை மாற்றித்தர ஊரில் ஆள் உண்டா, உத்தரவாதம் எவ்வளவு காலம் என்று வாங்கும்போதே கேளுங்கள். போட்டோ மட்டுமே நோக்கம் என்றால் ஆறு கலர் டேங்க் ரகம்தான் நல்லம். கெனன் செல்பி போன்ற சின்ன மெஷினும் இருக்கிறது. அதில் தாளும் மைச் சுருளும் ஒரே பெட்டியில் வரும். 108 தாள் என்றால் 108 படம், ஒரு படம் என்ன விலை என்பது முதல் நாளே தெரியும், இங்க் காயாது. ஆனால் அதில் ஒப்படை அடிக்க முடியாது.

இப்போது ஒரு கேள்வி. உண்மையிலேயே உங்கள் வீட்டுக்கு போட்டோ பிரிண்டர் தேவையா? அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் பதிவுசெய்த ஸ்டூடியோவில்தான் படம் எடுக்க வேண்டும், வீட்டில் அடித்த படம் செல்லாது. கல்யாணப் படம், பிள்ளையின் பரிசளிப்புப் படம் என்று வருடத்துக்கு இருபது முப்பது படம் எடுப்பவருக்கு ஸ்டூடியோதான் இலாபம், படமும் நெடுநாள் நிற்கும். பாஸ்ட் பேப்பருக்குக் கறுப்பு வெள்ளையே போதும், கொம்யூனிகேஷனில் எடுக்கலாம். அப்படியும் வேண்டும் என்றால் ராத்தா வீடு, தங்கச்சி வீடு, பக்கத்து வீடு என மூன்று வீடு சேர்ந்து ஒரு டேங்க் பிரிண்டர் வாங்குங்கள். அது ஓட ஓடத்தான் நல்லம், செலவும் பங்காகும்.

கடைசியாக, என் சக ஆசிரியர்களுக்கு. கோபப்பட்டாலும் பரவாயில்லை.

பெற்றோரை இந்தக் கடைகளுக்கு அனுப்புவது கம்பனி விளம்பரம் மட்டுமா? "கலர் படம் ஒட்டி வாங்க" என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தை, நாள் கூலிக்குப் போகும் வாப்பாவை அன்றிரவே கடன் கேட்க வைக்கிறது. இணையத்தில் கிடைத்த யானைப் படத்தை அடித்து ஒட்டிய பிள்ளை யானையைப் பற்றி என்ன படித்தது? பென்சிலால் வரைந்து, கலர் தீட்டி, பெயர் குறித்துக் கொண்டுவந்த பிள்ளை காதையும் தும்பிக்கையையும் உற்றுப் பார்த்திருக்கிறது. ஆனால் ஒப்படைகளை அடுக்கி வைத்தால் பளபளப்பான தாளுக்குத்தான் கூடப் புள்ளி விழுகிறது. அது பிள்ளைக்கு விழும் புள்ளி இல்லை, அந்த வீட்டுப் பிரிண்டருக்கு விழும் புள்ளி.

2022 மார்ச்சில் என்ன நடந்தது என்பது மறந்துவிட்டதா? தாளும் மையும் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். அரசாங்கத்தாலேயே வாங்க முடியாமல் போன மையை, ஒரு ஏழைக் குடும்பத்திடம் ஒப்படைக்காகக் கேட்பது என்ன நியாயம்?

"காலம் மாறிட்டு, பிள்ளைகள் கணினி பழக வேணும்" என்பார்கள். பழகட்டும், நானும் வேண்டும் என்கிறேன். தேடட்டும், தட்டச்சு செய்யட்டும், திரையில் காட்டட்டும். தாளில் மை கொட்டுவது கணினி அறிவு ஆகாது.

அதிபர்மாரிடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிடமும் மூன்றே மூன்று கோரிக்கை. அச்சடித்த படம் எந்த ஒப்படைக்கும் கட்டாயம் இல்லை என்று அறிவியுங்கள். கலருக்குத் தனிப் புள்ளி இல்லை என்று ஆசிரியர்களிடம் சொல்லுங்கள். படம் கட்டாயம் தேவைப்படும் பாடத்துக்கு, பாடசாலைக்கு ஒரு டேங்க் பிரிண்டர் வாங்கி அங்கேயே எடுத்துக் கொடுங்கள். சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானிக்கலாம்.

பெற்றோர்களே, அந்தக் கூட்டத்துக்குப் போய் எழும்பிக் கேளுங்கள். அதுவரைக்கும் சீட்டுக் காசைக் கையில் வைத்திருங்கள்.