பூந்தமல்லிப் படநகரம்: சிறிய தயாரிப்பாளருக்கு வழி பிறக்குமா?

சென்னைக்கு மேற்கே பூந்தமல்லி வட்டாரத்து மக்களுக்குச் சினிமாப் படப்பிடிப்பு புதிய காட்சியல்ல. செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஈ.வி.பி. படப்பிடிப்பு நகரத்தில் பெரிய படங்களுக்கும் டெலிவிஷன் நிகழ்ச்சிகளுக்கும் பிரம்மாண்டமான அரங்குகள் எழுந்திருக்கின்றன. இதே பூந்தமல்லியில் அதிநவீனத் திரைப்பட நகரம் ஒன்று அமையும் என்று 2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதத் தமிழக பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. பரப்பு 150 ஏக்கர். மதிப்பீடு 500 கோடி ரூபாய். அரசாங்கமும் தனியாரும் கூட்டாக நிறுவுவது என்பது ஏற்பாடு. கம்ப்யூட்டர் தந்திரக் காட்சிகளுக்கான வசதிகள் முதல் நட்சத்திர ஓட்டல் வரை அந்தத் திட்டத்தில் சொல்லப்பட்டன.

அறிவிப்பைப் பட உலகம் வரவேற்றது. அதில் தவறில்லை. ஆயினும், கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பெரிய நட்சத்திரத்தின் கால்ஷீட்டைக் கையில் வைத்திருக்கும் முதலாளிக்கு ஹைதராபாத்திலும் அரங்கு கிடைக்கும், மும்பையிலும் கிடைக்கும். நட்சத்திரமும் இல்லாமல், பின்பலமும் இல்லாமல், ஒரு நல்ல கதையை மட்டும் நம்பிப் படமெடுக்க வருகிறாரே, அந்தச் சிறிய தயாரிப்பாளருக்கு இந்தப் படநகரத்தால் என்ன லாபம்?

கதையைத் தூக்கிக்கொண்டு அலைபவர்

சிறிய தயாரிப்பாளருக்கு இல்லாதது அரங்கு அல்ல. அவருடைய கதை பெரும்பாலும் தெருவிலும் வயலிலும் வாடகை வீட்டிலும் நடக்கிறது. அவருக்கு இல்லாதவை இரண்டு: பணம் போடக் கூட்டாளி, படம் பார்க்க ஜனங்கள்.

பழைய நாட்களில் இதற்கு ஒரு முறை இருந்தது. கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களில் தளம் வாடகைக்குக் கிடைத்தது. செங்கற்பட்டு, கோவை, மதுரை என்று ஏரியா வாரியாகப் பிரித்துக்கொண்ட விநியோகஸ்தர்கள், படம் முடிவதற்கு முன்பே 'மினிமம் கியாரண்டி' என்று முன்பணம் தந்தார்கள். குறைந்த தொகைக்கு பைனான்சியர் இருந்தார், வட்டியும் இருந்தது. அந்த முறையில் குறைகள் ஏராளம். ஆனால், கதையோடு வருகிறவன் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதாவது தெரிந்திருந்தது.

இப்போது அந்தக் கதவுகளில் பல மூடிவிட்டன. கதாநாயகன் சம்மதித்தால்தான் பைனான்சியர் பேசுவார்; பைனான்சியர் பேசினால்தான் கதாநாயகன் தேதி கொடுப்பார். 2020-ல் கொரோனாவால் தியேட்டர்கள் மூடிக் கிடந்தபோது இணையவழித் திரை நிறுவனங்கள் படங்களை நேரடியாக வாங்கின; சிறியவர்களுக்கு விடிவு பிறந்தது என்று பலர் நம்பினார்கள். பிறகு அந்த நிறுவனங்களும் கையை இறுக்கிக்கொண்டன. எல்லா வழியும் அடைபட்ட தயாரிப்பாளர் கடைசியில் வீட்டுப் பத்திரத்தையும் மனைவியின் நகையையும் நாடுகிறார். படம் ஓடாவிட்டால் தெருவுக்கு வருவது ஒரு கம்பெனி அல்ல, ஒரு குடும்பம்.

கோவாவில் கூடும் சந்தை

இந்தச் சிக்கல் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் நகரில் 1983-லேயே 'சினிமார்ட்' என்ற சந்தை தொடங்கியது. படம் எடுத்து முடித்த பின் விற்கும் சந்தையல்ல அது. எடுக்கப்போகும் படத்துக்குக் கூட்டாளி தேடும் சந்தை. தென்கொரியாவின் பூசன் நகரம் 1998-ல் அந்த வழியைப் பின்பற்றியது. இந்தியாவில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007-ல் கோவாவில் 'பிலிம் பஜார்' தொடங்கியது. நவம்பர் மாதம் சர்வதேசப் படவிழாவை ஒட்டி அது கூடுகிறது.

அங்கே நடப்பது எளிய காரியந்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட கதைகளுக்கு உரியவர்கள், பல நாட்டுத் தயாரிப்பாளர்களையும் விநியோகஸ்தர்களையும் விழா அமைப்பாளர்களையும் குறித்த நேரத்தில் சந்தித்துப் பேசுகிறார்கள். பாதி முடிந்த படங்களைப் போட்டுக் காட்டி யோசனை கேட்கிறார்கள். சிபாரிசுக் கடிதம் வேண்டாம். யார் வீட்டு வாசலிலும் காத்துக் கிடக்க வேண்டாம்.

பலன் என்ன? பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்' படத்தைப் பார்க்கலாம். மதுரைப் பக்கத்து வறண்ட பூமியில், பழக்கமான முகம் ஒன்றுகூட இல்லாமல் எடுத்த படம். முழுமை பெறாத நிலையில் அது கோவா சந்தைக்குப் போயிற்று. அங்கே அதைக் கண்ட டைரக்டர் ராம் வெளியே எடுத்துச் சொன்னார். பின்னர் விக்னேஷ் சிவனும் நயன்தாராவும் தயாரிப்பை ஏற்றார்கள். 2021-ல் ராட்டர்டாம் விழாவின் முதற்பரிசான புலி விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் என்ற கீர்த்தி அதற்குக் கிட்டியது. அந்த ஆண்டே ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது.

இதற்குப் பின்னும் கதை முடியவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. அந்தப் படம் தமிழ்நாட்டுப் பொதுமக்களின் கண்ணுக்கு எட்டியது 2023 அக்டோபரில், இணையவழித் திரையில்! உலகம் கொண்டாடிய படத்துக்கு உள்ளூர் வாசல் திறக்க இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கூட்டாளி கிடைத்தால் போதாது. ஜனங்களும் கிடைக்க வேண்டும். 1965-ல் ஜெயகாந்தன் தம் நாவலைத் தாமே படமாக்கிய 'உன்னைப்போல் ஒருவன்' தேசிய விருது பெற்றும் பரவலாக ஓடவில்லை. அறுபது ஆண்டுகளாகத் தீராத வியாதி இது.

அம்பத்தூர் தரும் பாடம்

வியாதிக்கு மருந்து தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. பூந்தமல்லிக்கு அண்டை ஊரான அம்பத்தூரில் 1964-ம் ஆண்டில் தொழிற்பேட்டை அமைந்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட அந்தப் பேட்டையில் ஷெட்டும் சாலையும் மின்சாரமும் கிடைத்தன. கையில் சிறு முதலும் தொழில் ஞானமும் உடையவர்கள் அங்கே லேத்து மெஷினுடன் குடியேறினார்கள்.

வெறும் ஷெட்டுகளால் அந்தப் பேட்டை வளரவில்லை. அக்கம்பக்கத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை என்று பெரிய ஆலைகள் இருந்தன. உதிரி பாகம் செய்பவனும் அதை வாங்குகிறவனும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். சரக்குக்கு ஆர்டர் வரும் என்ற நம்பிக்கை இருந்ததால் பாங்கியும் கடன் கொடுத்தது. ஷெட்டோடு சந்தையும் சேர்ந்தது. சிறு தொழில் பிழைத்தது.

சந்தையில்லாத கட்டடத்தின் கதி என்ன என்பதற்கும் உதாரணம் தேட வேண்டாம். 1994-ல் தரமணியில் அரசாங்கத்தின் திரைப்பட நகரம் ஒன்று திறக்கப்பட்டது. இன்று தரமணி என்றதும் ஜனங்களின் நினைவுக்கு வருவது கம்ப்யூட்டர் கம்பெனிகள்தாம், சினிமா அல்ல.

என்ன செய்யலாம்?

பூந்தமல்லித் திட்டத்தில் சிறியவருக்கு இடம் தருவது பெரிய செலவான காரியமல்ல. முதலாவது, சிறிய தளங்கள் சிலவற்றையும் படத்தொகுப்பு அறைகளையும் நாள் கணக்கில் குறைந்த வாடகைக்கு விடலாம். இரண்டாவது, ஆண்டுக்கு ஒரு முறை அங்கே ஒரு கதைச் சந்தையைக் கூட்டலாம். கோவாவுக்குப் போக வழிச்செலவும் ஆங்கிலப் பேச்சும் வேண்டும். இங்கே தமிழிலேயே பேசலாம். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, கனடா நாட்டுத் தமிழர்களையும் அழைக்கலாம்.

மூன்றாவது, மானியம். தரமான சிறு முதலீட்டுப் படங்களுக்குத் தமிழக அரசு 7 லட்சம் ரூபாய் வழங்கும் திட்டம் உண்டு. படம் எடுத்து முடித்தவருக்கு அது ஆறுதல். கடன் வாங்குமுன் கிடைத்தால் அதுவே உதவி. நல்ல கதை என்று நடுநிலையான குழு ஒன்று ஏற்றுக்கொண்டதும் ஒரு பகுதியை முன்கூட்டியே தருவதைப் பற்றி யோசிக்கலாம்.

நான்காவதுதான் முக்கியமானது. ஆண்டுதோறும் இருநூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் படங்கள் வெளியாகின்றன. பெரிய படம் வரும் வாரத்தில் சிறிய படத்துக்கு மிஞ்சுவது காலைக் காட்சி. படநகரத்துக்குள் பொதுமக்களுக்கென்று நிரந்தரத் திரையரங்கு ஒன்று அமைத்து, சிறிய படங்களை மட்டும் குறைந்த கட்டணத்தில் காட்டினால், ஆவடி, அம்பத்தூர்த் தொழிலாளர் குடும்பங்கள் வராமற் போகமாட்டா. பாமர ஜனங்களுக்கு நல்ல படம் பிடிக்காது என்பது வீண் அபவாதம். மணிகண்டனின் 'காக்கா முட்டை' 2014-ல் டொரான்டோ விழாவிலும் காட்டப்பட்டது. 2015-ல் தமிழ்நாட்டுத் தியேட்டர்களிலும் நன்றாக ஓடியது. தனுஷும் வெற்றிமாறனும் தயாரித்தார்கள். பெரிய விநியோக நிறுவனம் ஒன்று கைகொடுத்தது. வாசல் திறந்தது, ஜனங்கள் வந்தார்கள்.

ஜனங்களே கூட்டாளியான அதிசயமும் இந்த நாட்டில் நடந்திருக்கிறது. 1976-ல் குஜராத்தின் பால் கூட்டுறவு விவசாயிகள் ஐந்து லட்சம் பேர் தலைக்கு இரண்டு ரூபாய் போட்டு, ஷியாம் பெனகலின் 'மந்தன்' படத்தைத் தயாரித்தார்கள். படம் வெளிவந்ததும் லாரி லாரியாக வந்து பார்த்தவர்களும் அவர்களே!

ஐந்நூறு கோடி ரூபாயில் எத்தனை உயரமான அரங்கு எழும்பும் என்பது பெரிய முதலாளிகளின் கணக்கு. கதைக் கட்டோடு பூந்தமல்லியில் பஸ் இறங்கும் ஓர் இளைஞன், வீட்டை அடகு வைக்காமல் ஒரு படத்தை முடித்து, அதை நாலு பேருக்குக் காட்ட முடிகிறதா என்பதே ஜனங்களின் கணக்கு. திட்டம் வகுப்போர் இந்த இரண்டாவது கணக்கையும் போட்டுப் பார்ப்பார்களானால், அம்பத்தூர் உதிரி பாகத்துக்குச் செய்ததைப் பூந்தமல்லி தமிழ்ப் படத்துக்குச் செய்யும்.