சொல் நீங்கிய பின்னும் எஞ்சும் மொழி

2002ஆம் ஆண்டு அக்டோபரில் ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் என்னும் ராக் இசைக்குழு தனது மூன்றாவது இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதற்குப் பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு அடைப்புக்குறிகளும் அவற்றுக்கிடையே ஒரு வெற்றிடமும் மட்டுமே உள்ளன. உள்ளே இருக்கும் எட்டுப் பாடல்களுக்கும் தலைப்புகள் கிடையாது. பாடல் வரிகளை அச்சிடுவதற்கென இணைக்கப்படும் சிறுநூலின் பக்கங்களும் வெறுமையாகவே விடப்பட்டன. கேட்பவர் விரும்பினால் தமக்குத் தோன்றும் சொற்களை அவற்றில் எழுதிக்கொள்ளலாம். ஏனெனில், ஏறத்தாழ 72 நிமிடங்கள் நீளும் இத்தொகுப்பில் எந்த மொழியின் சொல்லும் பாடப்படவில்லை.

இதனைப் போற்றுவோர் வழக்கமாகச் சொல்வது, 'இசைக்கு மொழி தேவையில்லை என்பதற்கு இதுவே சான்று' என்பது. இப்பாராட்டு தொகுப்பின் அருமையைக் குறைத்துவிடுகிறது. மொழியைக் கடந்து செல்வதன்று இதன் சாதனை. சொல்லை விலக்கிய பிறகும் மொழி எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதைச் செவிக்குக் காட்டுவதே அது.

பாடகர் யோன்சியின் வாயிலிருந்து வரும் ஒலிகளுக்கு 'வோன்லென்ஸ்கா' என்று பெயர். 'வோன்' என்னும் ஐஸ்லாந்தியச் சொல்லுக்கு நம்பிக்கை என்பது பொருள். 1997இல் வந்த முதல் தொகுப்பில் அதே பெயருடைய பாடலில் இவ்வொலிகள் இடம்பெற்றதால் பெயர் நிலைத்தது. பெயரில் மொழியின் சாயல் இருந்தாலும் இது மொழியன்று; சொற்களஞ்சியமும் இல்லை, இலக்கணமும் இல்லை. பிரான்சின் மாக்மா குழு தனக்கென உருவாக்கிக்கொண்ட கொபாயிய மொழியில் பொருள் குறிக்கும் சொற்கள் உண்டு. இங்கே அதுவும் இல்லை.

ஆயினும் கேட்பவருக்கு யாரோ எதையோ சொல்வதாகவே தோன்றுகிறது. காரணம் வெளிப்படை. உயிரும் மெய்யும் மனித நாவுக்கு இயல்பான வரிசையில் கூடி அசைகளாகின்றன. அசைகள் மூச்சின் அளவுக்கேற்பத் தொடர்களாகின்றன. தொடரின் இறுதியில் குரல் தாழ்கிறது, சற்று நிற்கிறது, முன்பு சொன்னதையே வலியுறுத்துவது போல மீண்டும் எழுகிறது. பிறந்து சில நாள்களே ஆன குழந்தை, ஒரு சொல்லையும் அறியாமலேயே, தாய்மொழியின் தாளத்தை அயல்மொழியின் தாளத்திலிருந்து பிரித்தறிகிறது என்பது மொழியியல் மாணவர்கள் அறிந்த செய்தி. அந்தக் குழந்தையின் செவியை, முதிர்ந்த கேட்பவருக்கு மீட்டுத் தருகிறது இத்தொகுப்பு.

இதன் கட்டமைப்பை ஒரு சோதனை என்றே சொல்லலாம். தொகுப்பு முழுவதும் ஒரு சிறு அசைத் தொகுதியே மீண்டும் மீண்டும் வருகிறது. மாறுவன இசையும் வேகமும் உரப்பும் மட்டுமே. முதல் நான்கு பாடல்கள் ஒளி கூடியவை. பின்னர் 36 நொடி மௌனம். அடுத்த நான்கும் இருண்டவை. முதல் பாடலில் தாலாட்டாக ஒலித்த அசைகள், ஏறக்குறைய 12 நிமிடங்கள் நீளும் எட்டாம் பாடலின் முடிவில் மன்றாட்டாகின்றன. செல்லோவின் வில்லால் இழைக்கப்படும் மின்கிதாரும் மேலும் மேலும் விரையும் முரசும் அம்மாற்றத்தைச் செய்கின்றன. ஒன்றை மாறாமல் நிறுத்தி மற்றொன்றை மாற்றிப் பொருள் வேறுபாட்டை அறிவது ஒலியனியலின் அடிப்படை முறை. பழைய நீச்சல்குளம் ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொண்ட நான்கு இளைஞர்கள் அதே முறையை இசையால் செய்து முடித்தனர்.

தமிழ் இலக்கண மரபுக்கு இது அந்நியமான செய்தியன்று. எல்லாச் சொல்லும் பொருளுடையது என்று கொண்ட தொல்காப்பியரே, இடைச்சொற்களுள் இசைநிறை, அசைநிலை என்னும் வகைகளுக்கும் இடம் தந்தார். பொருள் தராமல் ஓசையை நிறைப்பதும் சொல்லின் பணிகளுள் ஒன்று என்பதை அவர் ஏற்றிருந்தார். இத்தொகுப்பை இசைநிறைகளால் மட்டுமே ஆன நூல் எனலாம்.

வெற்றுப் பக்கங்களைக் கொடுத்துவிட்டுப் பொருளைக் கேட்பவர் தலையில் சுமத்துவது ஒருவகைப் பாசாங்கு என்னும் குற்றச்சாட்டு உண்டு. எதையும் பொருளாகக் கொள்ளலாம் என்றால் அக்குற்றச்சாட்டு நியாயமானதே. ஆனால் எட்டாம் பாடலுக்கு நேராக ஒரு நகைச்சுவை வரியை எழுதிப் பார்த்தால் அது பொருந்தாது என்பது உடனே விளங்கும். பக்கம் வெறுமையாக இருந்தாலும் அதில் எழுதத் தகுவதற்கு இசை எல்லை வகுத்திருக்கிறது.

பாடல்களை ஆராயும் கட்டுரைகளில் பெரும்பாலானவை வரிகளை மட்டும் படியெடுத்து, உவமையையும் கருத்தையும் எண்ணிவிட்டு, குரலைக் கைவிட்டுவிடுகின்றன. படியெடுக்க வரியே இல்லாத இத்தொகுப்பின் முன் அவ்வாய்வுமுறை செயலற்று நிற்கும். அந்தச் செயலின்மையை ஒருமுறையேனும் உணர்வது ஆய்வாளருக்கு நல்லது. பாடலாய்வு செய்யப் புகும் மாணவர், பேனாவை எடுப்பதற்கு முன் இந்த 72 நிமிடங்களைக் கேட்டுவிட வேண்டும்.